கருவாட்டுச் சாக்கும் கன்னி நாயும்

உட்காருங்கள் தம்பி. அந்த நாற்காலி வேண்டாம், அதற்குக் கால் சரியில்லை. இப்படி மோடாவை இழுத்துப் போட்டுக்கொள்ளுங்கள். நாய் ஒன்றும் செய்யாது. அது எதுவுமே செய்யாது. அதுதான் எனக்கும் அதற்கும் உள்ள தகராறு.

இவர் வீட்டில் இல்லை. நீங்கள் வருகிறீர்கள் என்று தெரிந்துதான் காலையிலேயே கோவில்பட்டிக்கு உரம் வாங்கக் கிளம்பிவிட்டார். மானாவாரி நிலம், அறுப்பு முடிந்து வெறும் கட்டையாகக் கிடக்கிறது, இந்த வெயிலில் எதற்கு உரம் என்று கேட்டேன். "பொள்ளாச்சிக்காரரு வந்து கேட்டா குடுத்திரு"ன்னு மட்டும் சொல்லிவிட்டு, நாய் நின்ற பக்கம் திரும்பாமலேயே வண்டியை உதைத்தார். உங்களிடம் போனில் சரி என்று சொன்னது இவர்தான். இவருக்கு யாரிடமும் இல்லை என்று சொல்ல வராது. சொல்ல வந்திருந்தால் இந்த வேட்டைக் கமிட்டித் தலைவர் பதவி இவர் தலையில் விழுந்திருக்குமா?

காப்பி ஆறுகிறது, குடியுங்கள்.

தாராளமாகக் கூட்டிக்கொண்டு போங்கள், எனக்கு ஒரு ஆட்சேபணையும் இல்லை. நாய் என்றாலே எனக்கு ஆகாது. மழை மாசத்தில் மட்டும் உள்ளே படுக்கும். பனி மாசத்தில் கேஸ் சிலிண்டர் பக்கத்தில் படுக்கும். வெயில் காலத்தில் ஃபேனுக்குக் கீழே. மற்றபடி வெளியில்தான். சாப்பாடும் தனியாக ஒன்றும் கிடையாது, மிச்சம் மீதிதான். காலையில் பால், அதில் ஒரு முட்டை. முட்டை என்றால், உடைந்துபோன முட்டை. வீணாகக் கூடாதே என்று. எங்கள் வீட்டில் தினமும் ஒன்று உடையும், அது என்னவோ.

பெயரா? பெயரெல்லாம் வைக்கவில்லை. 'இந்தா' என்றால் வரும். 'இந்தாங்க' என்றால் இவர் வருவார். பெரும்பாலும் ரெண்டு பேரும் சேர்ந்தே வந்து நிற்பார்கள்.

அந்தப் பெயருக்கும் ஒரு கதை இருக்கிறது. இந்தப் பக்கத்தில் கல்யாணப் பெண்ணுக்குப் பிறந்த வீட்டிலிருந்து நாய்க்குட்டி கொடுத்து அனுப்புவார்கள். கன்னிக்குக் கொடுப்பதால் கன்னி நாய் என்று பேரே வந்ததாம். எனக்கு எங்கே தெரியும்? நான் தூத்துக்குடியில் கான்வென்டில் படித்தவள். எங்கப்பா வாஷிங் மெஷின் கொடுத்தார். அந்தக் காலத்தில் இந்த ஊசிமேட்டுப்பட்டியில் தெருக்குழாயே கிடையாது. மெஷினைத் திறந்து பார்த்துவிட்டு என் நாத்தனார் சீனித்தாய் கேட்டாள்: "இது எதைப் பிடிக்கும்?"

இன்றுவரை அதே பேச்சு. வெறுங்கையோடு வந்தவள். நாய்க்குட்டிகூட இல்லாமல் வந்தவள். நான் எது சொன்னாலும், "நீ சும்மா இரு டவுன்காரி" என்று ஒரு வெட்டு. போன வருஷத்துக்கு முந்தின வருஷம் சீனித்தாய் மதினி வீட்டுப் பெட்டை குட்டி போட்டது. நல்ல குட்டியெல்லாம் போன பிறகு, காது ஒரு பக்கம் தொங்கின ஒரு குட்டி மிஞ்சியது. அதைக் கோவில் கூட்டத்தில், ஊர்ப் பொம்பளைகள் அத்தனை பேர் முன்னால் என் மடியில் போட்டு, "இந்தா, உங்கப்பா குடுக்காதத நான் குடுக்கேன்" என்றாள். அந்தக் குட்டி தன் பெயர் 'இந்தா' என்று நினைத்துக்கொண்டது. அதுதான் இது. காது இப்போதும் தொங்குகிறது பாருங்கள். நல்லவேளை, உங்களுக்குக் காது முக்கியமில்லை, மோப்பம்தான் முக்கியம் என்றீர்களாம்.

சரி. வேட்டையைச் சொல்கிறேன். ஊர்ப் பையன்கள் போனில் எடுத்துப் போட்ட வீடியோவில் நீங்கள் பார்த்தது வெறும் புழுதி. நடந்தது வேறு.

பொங்கல் கழிந்ததும் இங்கே பாரிவேட்டை. ஆம்பளைகள் எல்லாரும் நாய்களைப் பிடித்துக்கொண்டு காட்டுக்குப் போய், முயலைப் பிடித்து வந்து கருப்பசாமி முன்னால் வைப்பார்கள். பூசாரி பிடிபட்டதன் மேல் மஞ்சள் தண்ணீர் தெளிப்பார். முதலில் பாய்ந்து பிடித்த நாய்க்கு மாலை. பிறகு ஊருக்கே விருந்து. இதுதான் வழக்கம். ஆனால் முயல் பிடித்தால் இப்போது கேஸ். போன வருஷமே ஃபாரஸ்ட்காரர்கள் வந்து சத்தம் போட்டுவிட்டுப் போனார்கள். இந்த வருஷம் புது ரேஞ்சர். நம்ம வீட்டு வாசலுக்கே வந்துவிட்டார். சின்னப் பையன்தான், ஆனால் இஸ்திரி போட்ட பேச்சு.

"நீங்கதான் கமிட்டித் தலைவர். ஊர்ல ஒரு முயல் விழுந்தாலும் கேஸ் உங்க பேர்லதான். உள்ளதான் இருக்கணும், சொல்லிட்டேன்" என்றார்.

இவர் என்ன சொன்னார் தெரியுமா? "சரிங்க சார்."

ஊர்க்கூட்டத்தில் ஆம்பளைகள், "வேட்டை இல்லேன்னா மழை எப்படிப் பெய்யும், சாமி எப்படிப் பொறுக்கும், நீரு பாட்டுக்குக் கேஸுன்னா நாங்க பாட்டுக்குப் போவோம்" என்றார்கள். அதற்கும் இவர் சரி என்றுவிட்டு வந்து, சுவரைப் பார்த்துப் படுத்துக்கொண்டார். ரெண்டு பக்கமும் சரி என்று சொன்ன மனுஷன் வேறு என்ன செய்வார்?

இவர் ஜெயிலுக்குப் போவதில் எனக்கு ஒன்றும் இல்லை தம்பி. களி போடுவார்கள், சர்க்கரைக்கு நல்லது. ஆனால் பிரஷர் மாத்திரையை அங்கே யார் ஞாபகப்படுத்துவார்கள்? வார்டனா? இவர் தானாக எடுத்துப் போட்டுக்கொள்கிற ஆளா? அதை யோசித்துத்தான் நான் இதில் தலையிட்டேன். வேறு காரணம் இல்லை.

எங்கள் கான்வென்டில் மதர் கொன்சாகா என்று ஒருவர் இருந்தார். அயர்லாந்துக்காரர். நல்லொழுக்க வகுப்பில் நல்லொழுக்கம் நடத்துவதை விட்டுவிட்டு அவர் ஊர்க் கதை சொல்வார். அவர் சின்ன வயதில் அங்கே ஒரு வேட்டை நடக்குமாம். விலங்கே கிடையாது. வாசனைத் தண்ணீரில் ஊறின துணியை ஒரு ஆள் முன்கூட்டியே வயல்வழியாக இழுத்துக்கொண்டு போய்விடுவான். கொஞ்ச நேரம் கழித்து நாய்களை அவிழ்த்து விட்டால் அவை மோப்பம் பிடித்தே ஓடும். நாய்க்குப் பின்னால் குதிரை, குதிரைக்குப் பின்னால் ஊர். பாதிரியாரிலிருந்து ரொட்டிக்கடைக்காரர் வரைக்கும் எல்லாரும் ஓடுவார்களாம். கடைசியில் யாராவது ஒரு வீட்டில் தேத்தண்ணி. ஒரு உயிரும் போகாது, எல்லாருக்கும் பசி எடுக்கும். எவ்வளவு நாகரிகம் பாருங்கள்.

இதை நான் கூட்டத்தில் எழுந்து சொன்னேன். இந்த ஊருக்கு வந்த நாளிலிருந்து நான் கூட்டத்தில் எழுந்தது அதுதான் முதல் தடவை. "டவுன்காரி, நீ சும்மா..." என்று சீனித்தாய் மதினி ஆரம்பித்தாள். பூசாரிதான் நிறுத்தினார். "நாய் ஓடணும், ஊரு ஓடணும், கோவில்ல வந்து முடியணும். முயலு விழணும்னு சாமி எப்பவாச்சும் வாயத் திறந்து கேட்டுச்சா?" என்றார். அவருக்கு முழங்கால் வலி. ரேஞ்சருக்குப் பயந்து இருட்டில் ஓடுகிற வயது இல்லை.

ஆம்பளைகள் ஒரே ஒரு நிபந்தனை போட்டார்கள். நாய் ஓடினால் சரி. ஓடாவிட்டால் அவர்கள் பாட்டுக்கு கருவேல முள் மண்டின வேலிக்காட்டுக்குள் இறங்கிவிடுவார்கள், முயலும் விழும். விழுந்தால் இவர் உள்ளே. அவ்வளவுதான் கணக்கு.

ராத்திரி சாப்பாட்டுத் தட்டில் கையை வைத்துக்கொண்டு இவர் மெதுவாகச் சொன்னார்: "கிருபா, நம்ம நாயெல்லாம் கண்ணால பாத்து ஓடுற சாதி. ஓடுறது கண்ணுல பட்டாத்தான் ஓடும். மோப்பமெல்லாம் அதுகளுக்கு..."

"அப்ப மூக்கு எதுக்கு வச்சிருக்கு? மூக்குத்தி போடவா?" என்று கேட்டேன். இவர் சரி என்றார்.

நாய் என்றால் மோப்பம் பிடிக்கும் தம்பி. ஒன்றாம் வகுப்பிலேயே பாடம். இந்த ஊரில் யாரும் அதனிடம் ஒழுங்காகக் கேட்டதில்லை, அவ்வளவுதான். கேட்காவிட்டால் எந்தப் பிள்ளை பாடம் ஒப்பிக்கும்?

வாசனை தயாரித்தது நான்தான். கோவில்பட்டியில் ஒரு டாக்டர் வீட்டில் வெள்ளை முயல் வளர்க்கிறார்கள். அதன் கூண்டு வைக்கோலை ஒரு பை வாங்கி வந்து தண்ணீரில் ஊறப்போட்டேன். முகர்ந்து பார்த்தேன், எனக்கே ஒன்றும் சரியாகத் தெரியவில்லை. கொஞ்சம் காரமாக இருக்கட்டும் என்று சாளைக் கருவாட்டைக் கழுவின தண்ணீரையும் ஊற்றினேன். தூத்துக்குடிக்காரி கைக்குப் பழகினதுதானே.

சீனித்தாய் மதினி மூக்கைப் பொத்திக்கொண்டு எட்டிப் பார்த்தாள். "ஏட்டி, முயலு எப்ப கருவாடு திங்க ஆரம்பிச்சது?"

ரெண்டு சாக்கை முக்கி எடுத்தேன். ஒன்று இழுப்பதற்கு. ஒன்று, எதற்கும் இருக்கட்டும் என்று. கான்வென்டில் அப்படித்தான் பழக்கியிருக்கிறார்கள். பரீட்சைக்கு ஒரு பேனா கொண்டுபோனவளை வாசலிலேயே நிறுத்திவிடுவார்கள்.

அன்றைக்கு விடிந்ததும் இவர் ஒரு சாக்கைக் கயிற்றில் கட்டி டிவிஎஸ் வண்டியின் பின்னால் இழுத்துக்கொண்டு கிளம்பினார். கரிசல் காட்டு வழியாக வளைந்து வளைந்து போய், கருப்பசாமி கோவில் வாசலில் போய் நின்றுகொள்ள வேண்டும். நான் சொன்னபடியே போனார். வாசனை மண்ணில் பிடிக்க வேண்டாமா? அதனால் எல்லாரையும் காக்க வைத்தேன். ஆம்பளைகள் பீடி குடித்தார்கள். ரேஞ்சர் ஜீப்பில் சாய்ந்து நின்றார். என் நாயைச் சீனித்தாய் மதினி பிடித்துக்கொண்டாள். நான் ஃப்ளாஸ்கும் மிச்சச் சாக்குமாக நின்றேன். பட்டுப்புடவை கட்டியிருந்தேன், கோவில் காரியம் ஆயிற்றே.

பிறகு நானே கையை உயர்த்தி, "விடுங்க" என்றேன்.

விட்டார்கள்.

தம்பி, அத்தனை நாய்களும் அவிழ்த்த இடத்திலேயே நின்றன. தலையைத் தூக்கித் தூரத்தில் பார்த்தன. ஒன்றும் ஓடவில்லை. ஒன்று உட்கார்ந்து காதைச் சொறிந்தது. ஒன்று கொட்டாவி விட்டது. ஒரு கடுவன் நாய் நிதானமாகப் போய் ரேஞ்சர் ஜீப் டயரில் காலைத் தூக்கியது. பாதை அதன் மூக்குக்கு நேர் கீழே, கறுப்பு மண்ணில் ஈரமாகத் தெரிகிறது. எனக்கே நாறுகிறது.

என் நாயை மறுபடி பிடித்துக்கொண்டு சீனித்தாய் மதினி சிரிக்க ஆரம்பித்தாள். அவள் சிரித்தால் தோள்தான் குலுங்கும், சத்தம் வராது. அது இன்னும் மோசம்.

"என்னங்க மேடம், ஸ்டார்ட் ஆகலையா?" என்றார் ரேஞ்சர்.

"ஆகும். யோசிக்குது" என்றேன்.

அதற்குள் ரெண்டு மூன்று ஆம்பளைகள் நாயைப் பிடித்துக்கொண்டு வேலிக்காட்டுப் பக்கம் நைசாக நகர ஆரம்பித்துவிட்டார்கள். "நேரம் போகுதுல்லா" என்று ஒருத்தன். ரேஞ்சர் நிமிர்ந்து நின்று போனை எடுத்தார். எனக்குக் கோவில் வாசலில் நிற்கிற இவர் ஞாபகம் வந்தது. காலையில் அவசரத்தில் மாத்திரையைப் போட்டாரா இல்லையா என்று நான் கேட்கவே இல்லை.

எனக்குப் பொறுமை கிடையாது தம்பி. எட்டாம் வகுப்பு ரிப்போர்ட் கார்டிலேயே அது எழுதியிருக்கிறது. "இதுகூடவா சொல்லித் தரணும்? இப்படித்தான் போகணும், பாருங்க" என்று நாய்களிடம் சொல்லிவிட்டு, மிச்சச் சாக்கின் கயிற்றைப் பிடித்து இழுத்துக்கொண்டு அந்தப் பாதையிலேயே நடந்தேன். கரிசலில் செருப்போடு நடந்திருக்கிறீர்களா? ஒரு அடிக்கு ஒரு வெடிப்பு, வார் மாட்டிக்கொள்ளும். செருப்பை உதறிவிட்டு நடந்தேன்.

கொஞ்ச தூரம் போயிருப்பேன். பின்னால் சீனித்தாய் மதினியின் குரல். "ஏ, பிடியுங்கல, இழுத்துட்டு ஓடுது, ஏ!" அப்புறம், "கிருபா! திரும்பிப் பாக்காத!"

திரும்பிப் பார்த்தேன்.

முன்னால் இது. காது ஒன்று காற்றில், ஒன்று தொங்கிக்கொண்டு. கால் தரையில் பட்ட மாதிரியே தெரியவில்லை. இது ஓடுவதைப் பார்த்து இதற்குப் பின்னால் ஊர் நாய் அத்தனையும். அதற்குப் பின்னால் ஆம்பளைகள், வேலிக்காட்டுக்குப் போனவர்களும் சேர்த்து, "ஓய் ஓய்" என்று. எல்லாருக்கும் பின்னால் ரேஞ்சர்.

நான் ஓடவில்லை. வேகமாக நடந்தேன். ஊரில் ஓடினேன் என்றுதான் சொல்வார்கள், நம்பாதீர்கள்.

சாக்கைப் பாதியில் போட்டுவிட்டேன் என்றும் சொல்வார்கள். போடவில்லை, கை நழுவியது. நாய்கள் சாக்கை முகர்ந்துகூடப் பார்க்காமல் தாண்டிக்கொண்டு வந்தன என்று சீனித்தாய் மதினி இன்றைக்கும் சத்தியம் பண்ணுகிறாள். தாண்டினால் என்ன? வாசனை என் புடவையிலும்தான் இருந்தது. மோப்பம் என்பது அவ்வளவு நுட்பமான விஷயம். இவர்களுக்கு எங்கே புரியப் போகிறது?

கோவில் வாசலில் இவர் நின்றிருந்தார். நான் வருவதையும் எனக்குப் பின்னால் வருவதையும் பார்த்துவிட்டு, தோளில் கிடந்த துண்டைக் கீழே போட்டுவிட்டு எதிரே ஓடி வந்தார். கல்யாணத்துக்குத் தாலி கட்டக்கூட நிதானமாக எழுந்து வந்த மனுஷன். "கிருபா, கிருபா" என்று கத்திக்கொண்டு, கையில் ஒரு குச்சிகூட இல்லாமல். அத்தனை நாயை வெறுங்கையால் என்ன பண்ணுவதாக இருந்தார் என்று இதுவரை கேட்கவில்லை. கேட்டால் சரி என்பார்.

கோவில் மணிக்கு நேராக இது என்னை எட்டிவிட்டது. முந்தானையைக் கவ்வியது. பிறகு என் கால்மேல் படுத்துக்கொண்டது. வீட்டில் அடுப்படியில் படுக்கிற மாதிரியே. மற்ற நாய்கள் சுற்றி நின்று நாக்கைத் தொங்கப் போட்டுக்கொண்டு, இவ்வளவுதானா என்று பார்த்தன.

மூச்சு வாங்க ஊர் வந்து சேர்ந்தது. யாருக்கும் என்ன செய்வது என்று தெரியவில்லை. எல்லாரும் பூசாரியைப் பார்த்தார்கள். அவர் என்னைப் பார்த்தார், நாயைப் பார்த்தார், சாமியைப் பார்த்தார்.

"வேட்டை முடிஞ்சதுல்லா? பிடிபட்டதக் கொண்டாந்து முன்னால நிறுத்துங்க" என்றார்.

நிறுத்தினார்கள். மஞ்சள் தண்ணீர் தெளித்தார். தெளித்தார் என்ன, ஒரு செம்பு. பட்டுப்புடவை, காஞ்சிபுரம். மாலையை நாய்க்குப் போட்டார்கள். எனக்கு மாலை கிடையாது. பிடிபட்டதற்கு மாலை போடுகிற வழக்கம் இல்லையாம்.

ரேஞ்சர் என் செருப்பைக் கையில் தூக்கிக்கொண்டு வந்திருந்தார். "மேடம், இது உங்களுதா?" என்று கேட்டுவிட்டு, இவரிடம் கைகொடுத்தார். "நல்ல ஏற்பாடு சார். ஒரு உயிருக்கும் சேதாரம் இல்லை." இவர் சரிங்க சார் என்றார். நான் மாத்திரையைப் பற்றிக் கேட்டேன். போட்டிருக்கவில்லை. நான் நினைத்தது சரிதான்.

முள் எடுத்தது சீனித்தாய் மதினி. என் காலைத் தூக்கித் தன் மடியில் வைத்துக்கொண்டு, ஊக்கால் நெருடி நெருடி எடுத்தாள். தோள் மட்டும் குலுங்கிக்கொண்டே இருந்தது. "ஏட்டி, உங்கப்பா குடுத்த மெஷினு இம்புட்டு வேகமா ஓடுமா?" என்றாள். அப்புறம் இன்னொரு முள்ளை எடுத்துப் போட்டுவிட்டு, "நல்லவேளை, நல்ல குட்டியா பாத்துதான் குடுத்திருக்கேன்" என்றாள். இந்த ஊரில் எனக்குக் கிடைத்த பாராட்டு அது ஒன்றுதான். அதிலும் பாதியை அவளே எடுத்துக்கொண்டாள்.

அன்றிலிருந்து கூட்டத்தில் நான் எழுந்தால் யாரும் சும்மா இரு என்று சொல்வதில்லை. அடுத்த வருஷத்துக்கும் நான்தான் என்று இப்போதே பேச்சு. வாசனை தயாரிக்க என்று நான் நினைத்துக்கொண்டிருக்கிறேன். அவர்கள் என் காலைப் பார்த்துப் பேசுகிறார்கள்.

இவ்வளவுதான் கதை. நாய் மோப்பம் பிடிக்கிறது என்பதில் எனக்கு எந்தச் சந்தேகமும் இல்லை. இவர் உங்களிடம் சொன்னது சத்தியமான வார்த்தை. ஊரே சாட்சி.

சங்கிலியா? அதை எதற்கு எடுக்கிறீர்கள்? உள்ளே வையுங்கள். சங்கிலி போட்டு இழுத்துக்கொண்டு போனால் மோப்பத்துக்கு என்ன மரியாதை? நீங்கள் மோப்பத்துக்காகத்தானே பொள்ளாச்சியிலிருந்து வந்திருக்கிறீர்கள்? வாங்குகிற பொருளைச் சோதித்துப் பார்த்து வாங்க வேண்டாமா? நான் ஒரு முருங்கைக்காயைக்கூட முறுக்கிப் பார்க்காமல் வாங்க மாட்டேன்.

அதோ, மாட்டுத் தொழுவத்துச் சுவரில் தொங்குகிறது பாருங்கள், அதே சாக்கு. துவைக்கவில்லை, வாசனை அப்படியே இருக்கும். கயிற்றைப் பிடித்து இழுத்துக்கொண்டு உங்கள் கார் வரைக்கும் போங்கள். வேப்பமரத்தடியில்தானே நிறுத்தியிருக்கிறீர்கள்? இங்கிருந்தே தெரிகிறது. போய்க் கதவைத் திறந்து வைத்துக்கொண்டு நில்லுங்கள். இது மோப்பம் பிடித்துக்கொண்டே வந்து தானாக ஏறிவிடும். ஏறிவிட்டால் கூட்டிக்கொண்டு போங்கள், நான் ஒரு வார்த்தை சொல்ல மாட்டேன். ஏறாவிட்டால் உங்களுக்கு அது உதவாது. எதற்கு வீண் செலவு?

நான் இங்கேயேதான் உட்கார்ந்திருப்பேன். இந்தப் படியை விட்டு அசைய மாட்டேன், பயப்படாதீர்கள்.

போங்கள் தம்பி. சாக்கு நன்றாகத் தரையில் பட வேண்டும். திரும்பிப் பார்க்காதீர்கள், வேகமாகவும் நடக்காதீர்கள். ஓடவே கூடாது. அப்படித்தான். நல்ல நடை.

தொழுவத்தைத் தாண்டியாச்சா? இன்னும் போங்கள். இது யோசிக்கிறது. கொட்டாவி விடுவதெல்லாம் அதன் யோசனைதான், நீங்கள் அதைக் கண்டுகொள்ளாதீர்கள். இன்னும். இன்னும் கொஞ்சம்.

கதவைத் திறந்துவிட்டீர்களா? சரி, நில்லுங்கள். மோப்பம் வேலை செய்ய நேரம் பிடிக்கும். இன்றைக்குக் காற்றும் எதிர்க்காற்று.

இந்தா, என் கால்மேல் இருந்து தலையை எடு. வேண்டாம், அப்படியே இரு. அந்தப் பையன் காரைக் கிளப்பிக்கொண்டு போகிற வரைக்கும் நான் எழுந்திருக்கக் கூடாது. அரிசி வேறு ஊறிக்கொண்டே இருக்கிறது.